அழக்கூடாத டியூட்டி!

ராணுவ வீரரின் இறுதிச் சடங்கு என்றால் கொடியும் மரியாதையும்தான் நம் கண்ணில் படும். அந்தக் கொடியை நீட்டுகிற அதிகாரியின் மனசை நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவில் தகுதியுள்ள முன்னாள் வீரர் இறந்து, குடும்பம் கேட்டால், ராணுவ மரியாதை தந்தே ஆகவேண்டும். 2000 ஜனவரியிலிருந்து இது சட்டம். குறைந்தது இரண்டு பேர் யூனிஃபார்மில் வருவார்கள். ‘டாப்ஸ்’ என்ற 24 ஸ்வர இசை ஒலிக்கும். கொடியை முக்கோணமாக மடித்து, மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுக்கவேண்டும். அவர் கதறுவார், கொடுப்பவர் முகம் அசையக்கூடாது. அடுத்து இன்னொரு குடும்பம், இன்னொரு அம்மா!

பணியிலிருக்கும்போதே இறந்தவர் என்றால், குடும்பத்துக்கென்றே ஓர் அதிகாரியை நியமிப்பார்கள். அடக்கம் முதல் இன்ஷூரன்ஸ் பேப்பர் வரை அவர்தான் துணை.

அடக்கிவைத்த துக்கம் எங்கே போகும்? தூக்கம் கெடும்; எரிச்சல் வரும்; வீட்டில் யாரோடும் ஒட்டாது. ‘இவ்வளவு தைரியசாலிக்கு என்ன கவலை?’ என்று விட்டுவிடக்கூடாது.

நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர் என்று சாவைப் பக்கத்தில் பார்க்கிறவர் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். வேலை முடிந்து வந்ததும் கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். ஒரு காபி கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். பேசினால் கேளுங்கள்; அழுதால் தடுக்காதீர்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். அதில் வெட்கம் எதற்கு?