29-வது வாரத்திலேயே வலியா? ஓசூர் தொழிற்சாலைப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஊசியும் விடுப்பும்!

ஓசூர் சிப்காட்டில் காலை ஷிஃப்ட் தொடங்கும் நேரம். 29 வாரக் கர்ப்பிணி ஒருவர் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவிலிருந்தே அடிவயிறு விட்டுவிட்டு இறுகுகிறது. லேசாக நீர் கசிந்த மாதிரியும் இருக்கிறது. ‘லீவு போட்டா சம்பளம் போயிடும், சாயங்காலம் பார்த்துக்கலாம்’ என்று பஸ் ஏறுவாரா, ஆஸ்பத்திரிக்குப் போவாரா? வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு, அந்தப் பகல் பொழுது மிக முக்கியமானது.

37 வாரம் முடியும் முன் பிறப்பதையே குறைப்பிரசவம் என்கிறோம். 2020-ல் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் மதிப்பீடு சொல்கிறது. உலகிலேயே இதுதான் அதிகம்.

பெட்டில் படுத்திருப்பது வீணல்ல!

‘பிரசவமும் ஆகலை, வீட்டுக்கும் விடலை’ என்று வார்டில் நாள்களை எண்ணுபவர்கள் சலித்துக்கொள்வது இயல்பு. ஆனால், அந்த நாள்களில்தான் முக்கியமான வேலை நடக்கிறது.

குறைமாதக் குழந்தைக்கு முதல் சவால் மூச்சு. நுரையீரலின் சிறு காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள் அதற்குப் போதுமான அளவு சுரந்திருக்காது. அதைத் தூண்டத்தான் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுகிறார்கள். நியூசிலாந்து மருத்துவர்கள் லிக்கின்ஸ், ஹோவி இருவரும் 1972-ல் இதன் பலனை வெளியிட்டார்கள். இந்திய அரசின் வழிகாட்டுதல்படி 24 முதல் 34 வாரத்துக்குள் குறைப்பிரசவ அபாயம் இருந்தால், டெக்ஸாமெத்தசோன் ஊசி 12 மணி நேர இடைவெளியில் 4 முறை போடப்படும். முதல் ஊசிக்கும் கடைசி ஊசிக்கும் இடையே 36 மணி நேரம்! தாமதமாக வந்தால் அந்த அவகாசம் கிடைக்காமல் போகலாம்.

இந்தியா உட்பட 5 நாடுகளில் 2,852 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. ஊசி போடாத பிரிவில் 23.5 சதவிகிதமாக இருந்த பச்சிளம் குழந்தை இறப்பு, ஊசி போட்ட பிரிவில் 19.6 சதவிகிதமாகக் குறைந்திருந்தது.

எந்த ஆஸ்பத்திரி?

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு பக்கம் சுமார் 50 கி.மீ. தூரத்தில் கிருஷ்ணகிரி. அங்கே 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மறுபக்கம், எல்லை தாண்டி சுமார் 40 கி.மீ.யில் பெங்களூரு. எங்கே போனாலும், பச்சிளம் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பிறந்த பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே அங்கே போய்ச் சேர்வது பாதுகாப்பு. பயணத்தைத் தாங்கும் நிலையில் தாய் இருக்கிறாரா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அவசரத்துக்கு 108.

சம்பளம் போய்விடுமா?

மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது பலருக்கும் தெரியும். இது முதல் இரண்டு குழந்தைகளுக்கு. இதில் 8 வாரத்தை மட்டுமே பிரசவத் தேதிக்கு முன் எடுக்க முடியும். 29-வது வாரத்தில் அட்மிட் ஆனால், தேதிக்கு இன்னும் 11 வாரம் இருக்குமே?

இங்கேதான் பலரும் அறியாத ஒரு பிரிவு உதவுகிறது. கர்ப்பத்தாலோ குறைப்பிரசவத்தாலோ உடல்நலம் பாதித்தால், மருத்துவச் சான்று கொடுத்துக் கூடுதலாக ஒரு மாதம் வரை சம்பளத்துடன் விடுப்பு பெறலாம். 1961 மகப்பேறு சட்டத்தில் இருந்த இந்த உரிமை, புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை இருப்பவர்களுக்கும் இதே போன்ற கூடுதல் மாதம் உண்டு. அட்மிட் ஆன அன்றே சான்று வாங்கி ஹெச்.ஆரிடம் கொடுத்து, நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி என்றாலும் கேளுங்கள்.

உடனே கிளம்புங்கள்!

விட்டுவிட்டு வயிறு இறுகுவது, நீர் கசிவு, ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, கடுமையான தலைவலி, பார்வை மங்குவது... இதில் ஒன்று இருந்தாலும் ஷிஃப்ட் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டும் தாய் சேய் நல அட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஒரு நாள் சம்பளத்தை அடுத்த மாதம் ஈடுகட்டிக்கொள்ளலாம். அந்த 36 மணி நேரத்தைத் திரும்ப வாங்க முடியாது.