எண்ணூர்: சாம்பல் படிந்த ஆற்றங்கரையில் கேமராவுடன்

கூவம் என்றால் சென்னையில் தெரியாதவர் இல்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறும் எல்லோருக்கும் அறிமுகமாகிவிட்டது. கொசஸ்தலை ஆற்றைத்தான் பலருக்குத் தெரியாது. இத்தனைக்கும் மூன்றில் பெரியது அதுதான். பூண்டி நீர்த்தேக்கத்தில் தேங்கி, நகரத்தின் தாகம் தீர்ப்பதில் அதற்கும் பங்குண்டு. பூண்டியிலிருந்து தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் ஆறு, எண்ணூரில் பக்கிங்ஹாம் கால்வாயுடன் சேர்ந்து கடலைத் தொடுகிறது. படம் எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் அந்தக் கடைசிச் சில கிலோமீட்டர்களை ஒருமுறையாவது நடந்து பார்க்க வேண்டும்.

போவதற்குச் சிரமமில்லை. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் போதும். எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டுப் புதுநகரை நோக்கி ரயில் ஆற்றைக் கடக்கும்போதே இடத்தின் நிலைமை புரிந்துவிடும். ஒரு பக்கம் புகைபோக்கிகள். தண்ணீருக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கும் உயர் அழுத்த மின்கோபுரங்கள். அவற்றுக்குக் கீழே, உப்பங்கழியில் வலை வீசும் சின்னஞ்சிறு படகுகள்.

மின்சாரம் ஊருக்கு, சாம்பல் ஆற்றுக்கு

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 450 மெகாவாட் திறன் கொண்ட அது 2017-இல் நிறுத்தப்பட்டது. ஆனால், அதற்குள் வடக்கே வடசென்னை அனல்மின் நிலையம் வந்துவிட்டது. அதன் முதல் இரண்டு கட்டங்களின் திறன் மட்டும் 1,830 மெகாவாட். அதையடுத்து வல்லூரில் 1,500 மெகாவாட். வடசென்னை நிலையத்தில் நிலக்கரி எரிந்த பிறகு மிஞ்சும் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, குழாய் வழியாகச் செப்பாக்கம் கிராமத்தை ஒட்டிய சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் ஆண்டுக்கணக்கில் ஒழுகியதில், வழியெங்கும் சாம்பல் கழியில் இறங்கிப் படிந்துவிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்ற விவகாரம் இது.

கடல் வற்றம் இருக்கும் நேரத்தில் கரையோரமாக இறங்கிப் பாருங்கள். மேலே ஒரு விரற்கடைக்குக் கரும் சேறு. அதைக் கிளறினால் அடியில் கோதுமை மாவு மாதிரி நைசான சாம்பல். கால் புதைந்த தடத்தில் தண்ணீர் ஊறி வரும்போது அதன் ஓரம் வெளிறிக் காய்கிறது. இதைப் படமெடுக்க லென்ஸை மண்ணுக்கு அருகே கொண்டுபோக வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் வெறும் சேறாகத்தான் தெரியும். ஆழமாக இருந்த இடங்கள் மேடிட்டுப்போனதால் படகு தரைதட்டுவதாகவும், மீன்வரத்து குறைந்துவிட்டதாகவும் இங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

கையே வலை

கழியை ஒட்டிய காட்டுக்குப்பம் பக்கம் காலையில் போனால் பெண்கள் தண்ணீரில் இருப்பார்கள். நிற்பதில்லை, உட்கார்ந்து, சில இடங்களில் தவழ்ந்தே நகர்கிறார்கள். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் சேற்றைத் தடவியபடி போகின்றன. இறால் விரலில் பட்டதும் சட்டென்று பொத்திப் பறிக்குள் போட்டுவிட்டு, அடுத்த தடவலுக்குப் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் இருளர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மணிக்கணக்கில் நீரில் ஊறிய விரல்களில் சிப்பி கிழித்த கீறல்கள். வலையும் படகும் இல்லாதவர்களுக்கு இந்த ஆறு சோறு போடுகிறது. கழி மேடானாலும், அதில் எண்ணெய் கலந்தாலும் முதலில் அடிபடுவது இவர்கள்தான்.

கேட்காமல் இவர்களைப் படம் எடுக்கக் கூடாது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேமராக்கள் வருகின்றன, போகின்றன. எடுத்த படம் எடுக்கப்பட்டவர் கைக்கு வருவது அபூர்வம். அனுமதி கேளுங்கள், படத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுங்கள்.

எண்ணெய் வந்த நாட்கள்

2017 ஜனவரியில் வெளியான, கர்நாடக இசைப் பாடகர் டி.எம்.கிருஷ்ணா பாடிய ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ காணொளி எண்ணூரில்தான் படமாக்கப்பட்டது. அதே மாதம் 28-ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. வாளிகளால் எண்ணெயை அள்ளிய மனிதர்களின் படங்களை நாடே பார்த்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு, மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிக்குள் வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர், அலையாத்தி மரங்கள் எல்லாவற்றிலும் கறுப்பு அப்பிக்கொண்டது. கூழைக்கடாக்களின் இறக்கைகளிலும் எண்ணெய். அந்த எண்ணெயை அகற்ற ஆற்றில் இறங்கியவர்களில் பலர், பிழைப்பை இழந்து நின்ற அதே மீனவர்கள். அந்த நாட்களில் வெளியுலகுக்குச் சேதி சொன்னதில் ஊர்க்காரர்களின் செல்போன் படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. விலையுயர்ந்த கேமரா எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

எது நல்ல படம்?

எண்ணூரில் ‘அழகான’ படம் எடுப்பது எளிது. பனியில் நிற்கும் புகைபோக்கி, கரையில் கவிழ்ந்து கிடக்கும் படகு, ஆளரவமற்ற சாம்பல் வெளி. கறுப்பு வெள்ளையில் மாற்றினால் கண்காட்சிக்கே அனுப்பலாம். ஆனால், அப்படிப்பட்ட படங்கள் மட்டும் சேரச் சேர ஒரு கெடுதல் நடக்கிறது. ‘இது செத்துப்போன ஆறு’ என்ற எண்ணம் பார்ப்பவர் மனதில் உறைகிறது. செத்த ஆற்றில் மண்ணைக் கொட்டினால் யார் கேட்கப்போகிறார்கள்? எதுவுமே இல்லாத இடத்தில் இன்னொரு ஆலை வந்தால் என்ன நஷ்டம்?

இந்தக் கழிக்கு அந்த அநியாயம் காகிதத்தில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழி பாதுகாக்கப்பட்ட நீர்நிலையாக இருந்தது. பின்னால் வந்த இன்னொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதியைக் காணோம் என்பதை மீனவர்களும் சூழலியல் செயற்பாட்டாளர்களும்தான் வெளிக்கொண்டுவந்தார்கள். வரைபடத்தில் ஆற்றை அழிக்க ஒரு கோடு போதும். ஆளில்லாத படமும், எடுத்தவர் நினைக்காமலேயே, அதே வேலையைச் செய்கிறது.

அதனால் சட்டகத்துக்குள் மனிதர்கள் வரட்டும். இறால் தடவும் கைகள் வரட்டும், வலை பிரிக்கும் முதியவர் வரட்டும், முகத்துவாரத்தில் படகு தள்ளும் இளைஞர்கள் வரட்டும். புகைபோக்கி பின்னால் இருக்கட்டும், அதுவும் உண்மைதான். ஒரே இடத்தில் நின்று கோடையில் ஒரு படம், வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு ஒரு படம் எடுங்கள். தேதியையும் இடத்தையும் தவறாமல் குறித்துவையுங்கள். ஆறு எங்கே மேடிட்டது, எங்கே குறுகியது என்பதற்கு அதைவிட எளிய சான்று கிடையாது.

எண்ணூர் அனல்மின் நிலையத்தை விரிவாக்கும் திட்டத்துக்காக 2024 டிசம்பரில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இனியும் கூட்டங்கள் நடக்கும், திட்டங்கள் வரும், வழக்குகள் தொடரும். அங்கெல்லாம் ஊர்மக்கள் எழுந்து, ‘இங்கே ஆறு இருக்கிறது, அதில் எங்கள் பிழைப்பு இருக்கிறது’ என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதை நிரூபிக்கும் பொறுப்பையும் அவர்கள் தலையிலேயே கட்டிவிட்டோம். எண்ணூரில் தயாராகும் மின்சாரத்தில் விளக்கு எரிக்கும் நாம், தேதியிட்ட நாலு படங்களையாவது அவர்கள் பக்கம் சேர்க்கக் கடமைப்பட்டவர்கள்.