மெகாஹெர்ட்ஸை விடுங்கள், வாட்டைக் கேளுங்கள்!

2021 ஜூலை. ‘நியூ வேர்ல்டு’ என்ற புதிய கேமை அமேசான் நிறுவனம் முன்னோட்டத்துக்குத் திறந்துவிட்டது. ஆசையோடு உள்ளே போனவர்களில் சிலருக்குப் பேரிடி. அன்றைக்குக் கடைகளில் கிடைத்த கார்டுகளிலேயே உச்சத்தில் இருந்த ஆர்டிஎக்ஸ் 3090 கிராபிக்ஸ் கார்டு பட்டென்று உயிரை விட்டது. அதுவும் பலருக்குப் போர்க்களத்தின் நடுவே இல்லை. சண்டைக்குக் காத்திருக்கும்போது திரையில் சும்மா நிற்குமே, அந்த மெனு பக்கத்தில்!

செத்துப்போன கார்டுகளில் பெரும்பாலானவற்றைத் தயாரித்தது ஈவிஜிஏ நிறுவனம். ஒரு சிறு தொகுதியில் சால்டரிங் சரியில்லை என்று அது பின்னர் ஒப்புக்கொண்டது. மாற்றுக் கார்டும் கொடுத்தது. அமேசான் தன் பங்குக்கு, மெனு பக்கத்தில் நொடிக்கு இத்தனை ஃபிரேம்தான் என்று வரம்பு கட்டியது. சரி, சால்டரிங் பலவீனம் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பலவீனம் வெளிப்பட ஒரு மெனு பக்கம் எப்படிப் போதுமானதாக இருந்தது?

மெனுவில் வரைவதற்குப் பெரிதாக எதுவும் கிடையாது. ஒரு ஃபிரேம் நொடியில் மிகச் சிறு பகுதிக்குள் முடிந்துவிடும். ‘போதும், நில்’ என்று யாரும் சொல்லாதவரை சிப் அடுத்ததை வரையும், அதற்கு அடுத்ததையும் வரையும். கடினமான காட்சியில் சிப்பின் சில பகுதிகள் நினைவகத்திலிருந்து தகவல் வரட்டும் என்று காத்திருக்கும். அந்த இடைவெளியில் கொஞ்சம் மூச்சுவிடும். எளிய காட்சியில் அந்த இடைவெளியும் இல்லை. 2010-ல் ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ வெளிவந்தபோதும் இதே கதைதான். மெனு திரையில் கார்டுகள் கொதித்தன. பிளேஸ்டேஷன் 4-ல் ‘ஹொரைசன் ஜீரோ டான்’ விளையாடியவர்களுக்குத் தெரியும், வரைபடத்தைத் திறந்தால் மின்விசிறி அலறும்.

கண்ணுக்குக் கனமாகத் தெரிகிற காட்சி ஒன்று, சிப்புக்குக் கனமான வேலை வேறொன்று. இந்த வித்தியாசத்தைச் சமாளிக்கத்தான் கடந்த இருபது ஆண்டுகளாகச் சிப் நிறுவனங்கள் மண்டையை உடைத்துக்கொள்கின்றன. அதன் விளைவு, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கிளாக் வேகத்துக்கு இன்று பெரிய பொருள் இல்லை.

வோல்டேஜ் செய்யும் வித்தை

சிப்புக்குள் இருக்கும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொரு கிளாக் துடிப்பிலும் திறந்து மூடுகின்றன. அதற்குச் செலவாகும் மின்சாரம் கிளாக் வேகத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் இருமடியில் ஏறும். இதில் ஒரு சிக்கல். வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் வோல்டேஜையும் கூட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் குறித்த நேரத்துக்குள் மாறாது. கணக்கு தப்பாகும், கணினி உறைந்து நிற்கும்.

திருப்பிப் பார்த்தால் இதுவே வரம். வேகத்தையும் வோல்டேஜையும் 10 சதவிகிதம் குறைத்துப் பாருங்கள். 0.9-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.729. அதாவது வேகத்தில் 10 சதவிகிதத்தை விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் 27 சதவிகிதம் மிச்சம். கிராபிக்ஸ் சிப்பின் மின் மேலாண்மை முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

ஒரு காலத்தில் இந்தக் கவலையே இல்லை. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1974-ல் ஒரு விதியை வகுத்தார்கள். டிரான்சிஸ்டரைச் சுருக்கினால் வோல்டேஜையும் அதே விகிதத்தில் சுருக்கலாம். ஒரே பரப்பில் கூடுதல் டிரான்சிஸ்டர்களைக் கூடுதல் வேகத்தில் ஓட்டினாலும் சூடு ஏறாது. முப்பது ஆண்டுகள் இது பலித்தது. 2000-களின் நடுவில் நின்றுபோனது. டிரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் மின்சாரம் கசியத் தொடங்கியதால், வோல்டேஜை அதற்குமேல் பெரிதாக இறக்க முடியவில்லை. அன்றிலிருந்து சிப்பில் இடம் மலிவு, மின்சாரம்தான் தட்டுப்பாடு.

இரண்டு வேகத்திலிருந்து...

2003-ல் வந்த என்விடியாவின் ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ராவுக்கு இரண்டே வேகம். சாதாரண டெஸ்க்டாப் வேலைக்கு 300 மெகாஹெர்ட்ஸ், முப்பரிமாணக் கேமுக்கு 500. கேம் தொடங்கியதும் எழும் மின்விசிறி ஓசை உலகப் பிரசித்தம். என்விடியாவே தன்னைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ எடுத்து வெளியிட்டது. லேப்டாப்களில் பேட்டரி காக்க ‘பவர்மைசர்’ என்று என்விடியாவும், ‘பவர்பிளே’ என்று ஏடிஐ நிறுவனமும் இந்தப் படிகளைக் கூட்டிக்கொண்டே போயின.

2010-ல் ஆட்டம் மாறியது. ஃபர்மார்க், ஓசிசிடி போன்ற சோதனை மென்பொருள்கள் கார்டை அதன் வரம்புக்கு மேல் பிழிந்தெடுத்தன. அந்த நவம்பரில் வந்த ஜிடிஎக்ஸ் 580, கார்டுக்குள் பாயும் மின்சாரத்தை அளந்து, இந்த மென்பொருள்கள் ஓடினால் தானே வேகத்தை இறக்கிக்கொண்டது. அடுத்த மாதமே ஏஎம்டியின் ரேடியான் எச்டி 6970 ‘பவர்டியூன்’ என்ற ஏற்பாட்டோடு வந்தது. சிப்பின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று எண்ணி, மின்செலவைக் கணக்கிட்டு, வரம்பைத் தாண்டும்போது வேகத்தைக் குறைப்பது அதன் பாணி.

இரண்டுமே கடிவாளங்கள். 2012 மார்ச்சில் வந்த ஜிடிஎக்ஸ் 680 அந்தச் சிந்தனையைத் தலைகீழாகப் புரட்டியது. பெரும்பாலான கேம்கள் மின் வரம்பைத் தொடுவதே இல்லை. அப்படியானால் மிச்சத்தை ஏன் வீணாக்க வேண்டும்? சம்பளம் இவ்வளவுதான் என்று தெரிந்த குடும்பம், செலவு குறைந்த மாதத்தில் கொஞ்சம் தாராளம் காட்டுமே, அப்படி. அடிப்படை வேகம் 1006 மெகாஹெர்ட்ஸ், மின்சாரம் மிச்சமிருந்தால் ஏறும் பூஸ்ட் வேகம் 1058. பல கார்டுகள் அதையும் தாண்டி ஓடின. மறு ஆண்டு வந்த ஜிடிஎக்ஸ் டைட்டனில் வெப்பநிலையும் கணக்கில் சேர்ந்தது. 80 டிகிரி வரை ஏறு, பிறகு இறங்கு.

இன்றைய சிப்புக்குள் இதற்கென்றே தனியாக ஒரு குட்டிக் கட்டுப்பாட்டுக் கணினி இருக்கிறது. வெப்பம், மின்சாரம், வேலைப்பளு மூன்றையும் ஓயாமல் பார்த்து, எந்த வேகத்துக்கு எந்த வோல்டேஜ் என்ற பட்டியலில் மேலும் கீழும் நகர்கிறது. வேலையில்லாத பகுதிக்குக் கிளாக்கை நிறுத்துவது, இன்னும் தேவைப்பட்டால் மின்சாரத்தையே துண்டிப்பது எல்லாம் அதன் பொறுப்பு.

ஒரே பெயர், வேறு வேறு வேகம்

ஆதாயத்தோடு தலைவலியும் வந்தது. 2013 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்9 290எக்ஸ் கார்டின் வேகம் ‘1000 மெகாஹெர்ட்ஸ் வரை’. அந்த ‘வரை’யில்தான் எல்லாம் இருந்தது. சிப் 95 டிகிரியைத் தொட்டதும் வேகம் இறங்கும். பத்திரிகைகளுக்கு அனுப்பிய கார்டைவிடக் கடையில் வாங்கிய கார்டு மெதுவாக ஓடுவதை விமர்சகர்கள் கண்டுபிடித்தார்கள். மின்விசிறிகள் ஒரே சீராகச் சுழலவில்லை என்று தெரிந்து, அதைச் சரிசெய்யும் டிரைவரை ஏஎம்டி அவசரமாக வெளியிட்டது.

லட்சக்கணக்கில் ஒரே மாதிரி விற்க வேண்டிய கேம் கன்சோலில் இது நடந்தால்? 2020-ல் சோனியும் மைக்ரோசாஃப்டும் இதற்கு எதிரெதிர் பதில் சொன்னார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸின் கிராபிக்ஸ் வேகம் 1.825 கிகாஹெர்ட்ஸ், அதில் ஏற்ற இறக்கமே கிடையாது. பிளேஸ்டேஷன் 5 அதற்கு நேர்மாறு. மின்சாரம் நிலையானது, வேகம் மாறுவது, உச்சம் 2.23 கிகாஹெர்ட்ஸ். அந்த ஆண்டு மார்ச்சில் அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி நிகழ்த்திய உரையில், ‘ஹொரைசன்’ வரைபடத் திரையைத்தான் உதாரணம் காட்டினார். முக்கியமான நுணுக்கம் ஒன்றையும் சொன்னார். பிளேஸ்டேஷன் 5 தன் அறையின் வெப்பத்தைப் பார்த்து வேகத்தை மாற்றுவதில்லை. சிப் செய்யும் வேலையை மட்டுமே கணக்கிடுகிறது. ஆகவே குளிர்நாட்டில் இருக்கும் கன்சோலும் கொதிக்கும் ஊரில் இருக்கும் கன்சோலும் ஒரே காட்சியில் ஒரே வேகத்தில் ஓடும்.

லேப்டாப் வாங்குபவர்களுக்கு இந்த நியாயம் கிடைக்கவில்லை. 2021-ல் வந்த லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 3080-க்கு என்விடியா கொடுத்த மின் வரம்பு 80 வாட்டிலிருந்து 150 வாட்டுக்கு மேல் வரை. பூஸ்ட் வேகம் 1245 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1710 வரை. பெயர் ஒன்றே. மெல்லிய லேப்டாப்பில் இருக்கும் 3080, கனத்த லேப்டாப்பில் இருக்கும் அடுத்த கீழ்நிலைச் சிப்பிடம் தோற்கும் விசித்திரமும் நடந்தது.

சாவி யார் கையில்?

மின் மேலாண்மை இல்லாவிட்டால் சிப் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸ் உலகம் சாட்சி. என்விடியா கார்டுகளுக்குத் தன்னார்வலர்கள் எழுதிய திறந்தமூல டிரைவர் ‘நூவோ’. 2014-ல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசையிலிருந்து, என்விடியா கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள்) இல்லாமல் வேகத்தை மாற்ற முடியாது என்றாகிவிட்டது. அந்த ஃபர்ம்வேர் நூவோவுக்குக் கிடைக்கவில்லை. கணினி விழித்தெழும்போது எந்த வேகமோ, அந்தத் தாழ்ந்த வேகத்திலேயே கார்டு கடைசிவரை கிடந்தது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய சிலிக்கானின் திறனில் ஒரு துண்டுதான் கைக்கு வந்தது. 2018-ல் வந்த டியூரிங் வரிசைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் விடிவு வர, 2024 ஜனவரியில் லினக்ஸ் 6.7 வெளியாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சிப்பின் வேகம் சிலிக்கானில் பாதி, அதை ஆளும் மென்பொருளில் பாதி.

அந்த மென்பொருள் சறுக்கும் இடங்களும் உண்டு. கார்டின் நினைவகம் வேகம் மாறும் கண நேரத்தில் தகவல் தர முடியாது. அதனால் மானிட்டர் ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே விடும் சிறு இடைவெளியில்தான் அந்த மாற்றம் நடக்கும். இரண்டு மானிட்டர்களை மாட்டினால் இரண்டின் இடைவெளியும் ஒத்துப்போகாமல் போகலாம். அப்போது நினைவகம் முழு வேகத்திலேயே நின்றுவிடும். வெறும் டெஸ்க்டாப் திரைக்குக் கார்டு மின்சாரத்தை விழுங்கும். 2022 டிசம்பரில் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸில் இந்தக் குறையை ஏஎம்டியே தன் டிரைவர் குறிப்புகளில் ஒப்புக்கொண்டு, அடுத்தடுத்த டிரைவர்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்தது.

நடுப்பகல் வெயிலும் செயற்கை நுண்ணறிவும்

வீட்டில் ஒரு கார்டுக்கு இவ்வளவு பாடு என்றால், ஆயிரக்கணக்கில் அடுக்கிவைத்த இடத்தில்? மெட்டா நிறுவனம் ‘லாமா 3’ மொழி மாதிரிக்குப் பயிற்சி கொடுத்தபோது 16,384 எச்100 சிப்கள் வரை ஒன்றாக ஓடின. ஒவ்வொன்றும் 700 வாட்; சிப்களுக்கு மட்டுமே சுமார் 11.5 மெகாவாட். 2024-ல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் மெட்டா இரண்டு விஷயங்களைப் பதிவு செய்தது. நாளின் நேரத்தைப் பொறுத்துப் பயிற்சி வேகம் 1 முதல் 2 சதவிகிதம் வரை மாறியது. நடுப்பகல் சூட்டில் சிப்கள் தாமாகவே வோல்டேஜையும் வேகத்தையும் இறக்கிக்கொண்டதே காரணம். இன்னொன்று, பல்லாயிரம் சிப்கள் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்தித் தொடங்கும்போது தரவு மையம் முழுவதன் மின் தேவை பல பத்து மெகாவாட் அளவில் சட்டென்று ஏறி இறங்குகிறது. மின்கட்டமைப்புக்கே அது சோதனை.

இதற்கு மருந்தும் அதே இருமடிக் கணக்குதான். எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் ‘பெர்ட்’ மொழி மாதிரியின் பயிற்சியின்போது சிப்பின் மின் வரம்பை 150 வாட்டாகக் குறைத்துப் பார்த்தார்கள். 80 மணி நேர வேலை 82 மணி நேரம் ஆனது. மிச்சமான மின்சாரமோ ஓர் அமெரிக்கக் குடும்பம் ஒரு வாரம் செலவழிக்கும் அளவு.

நீங்கள் என்ன செய்யலாம்?

2012-ல் ஜிடிஎக்ஸ் 680-ன் மின் வரம்பு 195 வாட். 2022-ல் ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 450. 2025-ல் ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575. கடைசிச் சில சதவிகித வேகத்துக்காக நிறுவனங்கள் வோல்டேஜை உச்சிவரை ஏற்றி அனுப்புகின்றன. போட்டிப் பட்டியலில் முதலிடம் பிடிக்க அவர்களுக்கு அது தேவை. உங்கள் மின்கட்டணத்துக்கு அது தேவையில்லை.

கார்டோடு வரும் மென்பொருளிலோ, ‘எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்’ போன்ற இலவச மென்பொருளிலோ மின் வரம்பைக் குறைக்கும் வசதி இருக்கிறது. 450 வாட் கார்டை 350 வாட்டில் நிறுத்தினாலும் பெரும்பாலான கேம்களில் குறைவது சில சதவிகிதம்தான். அறையும் குளிரும், மின்விசிறியும் அடங்கும். ஃபிரேம் எண்ணிக்கைக்கு உங்கள் மானிட்டரின் வேகத்தை ஒட்டி வரம்பு போடுங்கள். திரை காட்ட முடியாத ஃபிரேமை வரைந்து யாருக்கு லாபம்? சும்மா இருக்கும்போதும் கார்டு சூடாக இருந்தால், நினைவகத்தின் கிளாக் வேகத்தை ஒருமுறை பாருங்கள். இரண்டாவது மானிட்டரைக் கழற்றியதும் அது இறங்கினால் காரணம் புரிந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஏசி இல்லாத அறையில் கேம் கொஞ்சம் தடுமாறினால் கார்டு பழுது என்று பதற வேண்டாம். முதலில் தூசியைத் தட்டி, கேபினெட்டுக்குக் காற்றோட்டம் கொடுங்கள்.

லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு சொல். சிப்பின் பெயரைக் கேட்டு மயங்காதீர்கள். ‘இந்த மாடலில் கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் கொடுத்திருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். விற்பனையாளர் சொல்லத் தடுமாறினால், தயாரித்த நிறுவனத்தின் விவரக்குறிப்பில் அந்த எண்ணைத் தேடுங்கள். அது கிடைக்கும்வரை பணத்தை எடுக்காதீர்கள்.