ஐப்பசி பிறந்தால் கரையோரம் எடுத்து வைக்க வேண்டியவை

வேதாரண்யத்தில் ஐப்பசி வந்தால் பிழைப்பே மாறிவிடும். உப்புப் பாத்திகளில் மழைநீர் ஏறும். வாரிக் குவித்த உப்பை மூடி வைத்துவிட்டு உப்பளத் தொழிலாளர்கள் வேலையின்றி வீட்டில் இருப்பார்கள். அதே நாட்களில் கோடியக்கரையில் மீன்பிடி சீசன் தொடங்கும். நாகை, காரைக்கால் பக்கத்து மீனவர்கள் படகோடும் வலையோடும் வந்து கரையில் கொட்டகை போட்டுத் தங்குவார்கள். உள்ளே தள்ளி வயல்களில் சம்பா வளர்ந்துகொண்டிருக்கும். இவர்கள் எல்லோருடைய தலைக்கு மேலும் கார்த்திகை முடியும்வரை, சில ஆண்டுகளில் மார்கழி வரையிலும், வங்கக் கடலின் புயல் பருவம் நிற்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. தென்னை, மா, கூரை, படகு, உப்பளம் என்று ஒன்றையும் அது விடவில்லை. உயிர் தப்பியவர்களுக்கு அடுத்து வந்த போராட்டம், இழந்ததை இழந்தோம் என்று நிரூபிப்பது. கணக்கெடுப்பில் பெயர் விடுபட்டவர்களுக்கு அது இரண்டாவது இழப்பு. புயலைத் தடுக்க நம்மால் முடியாது. இந்த இரண்டாவது இழப்பைப் பெரும்பாலும் தடுக்க முடியும்.

கூண்டு எண் சொல்வது என்ன?

நாகை துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள் என்றதும், எண் கூடக்கூட ஆபத்தும் அதே அளவில் கூடுகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது முழுக்கச் சரியல்ல. 1, 2 ஆகியவை தொலைவில் கடல் கெடுவதைச் சொல்பவை. 3, 4 துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம் என்பவை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்தைக் குறிப்பவை. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும், அல்லது துறைமுகத்தின் மேலேயே கடக்குமா என்பதில்தான் இவற்றுக்குள் வேறுபாடு. கடும் புயலுக்கு 8, 9, 10 அதே முறையில் அமையும். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று பொருள். ஆகவே "ஐந்துதானே, ஏழு வரட்டும் பார்க்கலாம்" என்று யாரும் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றையும் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். புயல் போய்விட்டது என்று வெளியே வந்தால், எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும். அதிகாரிகள் அறிவிக்கும்வரை பாதுகாப்பு மையத்தை விட்டு வரக் கூடாது. அறுந்து கிடக்கும் மின்கம்பியில் மின்சாரம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். கிட்டே போகாமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

சட்டம் தரும் உரிமை

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, பாதிக்கப்பட்டவரை உரிமை உள்ளவராகவே பார்க்கிறது. அதன் 12-ஆம் பிரிவு தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதார வசதி ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகளை வகுக்கச் சொல்கிறது. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும் என்கிறது. உயிரிழப்பு, வீட்டுச் சேதம், வாழ்வாதார இழப்பு ஆகியவற்றுக்கான உதவித்தொகையும் இதில் அடங்கும். இப்பிரிவு அரசைக் கட்டுப்படுத்தும் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2021-இல், கொரோனா இறப்புகள் தொடர்பான வழக்கில், உறுதிசெய்தது. நிவாரணத்தில் சாதி, மதம், பால் வேறுபாடு காட்டக் கூடாது என்கிறது 61-ஆம் பிரிவு. முகாமில் ஒரு தெருவுக்கு முதலில் சோறும் இன்னொரு தெருவுக்கு மிச்சமும் என்றால் அது சட்டமீறல்.

ஒன்றிய அரசு 2022-இல் திருத்திய வரையறையில் உயிரிழப்புக்கு 4 லட்சம் ரூபாய், சமவெளியில் முழுதும் சேதமான வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000 ரூபாய், கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று உள்ளது. மாநில அரசு இதைவிடக் கூடுதலாகவும் அறிவிக்கலாம். கஜாவின்போது இறந்தவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. அந்தந்தப் புயலுக்கு வரும் அரசாணையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலையில்லா மாதங்களுக்கு

புயலே வராவிட்டாலும் கேட்டுப் பெற வேண்டிய உதவிகள் உண்டு. நலவாரியத்தில் பதிவுசெய்த உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்துக்காக 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டம் உள்ளது. பதிவைப் புதுப்பிக்க மறந்தால் பெயர் விட்டுப்போகும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் செலுத்தும் 1,500 ரூபாயோடு ஒன்றிய, மாநில அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து, மீன்வரத்து குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் தருகின்றன. மீனவ மகளிருக்கும் இதுபோன்ற திட்டம் உண்டு. மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் இவை கிடைக்கும்.

சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டின் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் நடுவில் வரும். விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் மட்டுமே. அடங்கல், சிட்டா, வங்கிப் புத்தகம், ஆதார் ஆகியவற்றோடு முன்கூட்டியே பதியுங்கள்.

ஆதாரத்தை இன்றே எடுங்கள்

புயலுக்குப் பின் எடுத்த படம் சேதத்தை மட்டும் காட்டும். முன்னால் என்ன இருந்தது என்பதைக் காட்ட அதற்கு முந்தைய படம் வேண்டும். வீட்டின் நான்கு பக்கம், படகு, அதன் பதிவெண், இஞ்சின், வலை, ஆடுமாடு, காதிலுள்ள வில்லை, தென்னந்தோப்பு எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூர் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை, படகுப் பதிவு, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகலைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு, முகாமுக்குப் போகும்போது கையோடு கொண்டு செல்லுங்கள்.

செத்த மாட்டைக் கால்நடை மருத்துவர் பார்க்கும் முன் புதைத்துவிடாதீர்கள். விழுந்த மரத்தைப் படமெடுக்காமல் அறுத்துவிடாதீர்கள். புறம்போக்கில் இருப்பவர், வாடகைக்கு இருப்பவர் தமக்கு உரிமையில்லை என்று ஒதுங்கிவிட வேண்டாம். மின் அட்டையும் வாக்காளர் அட்டையும் நீங்கள் அங்கே குடியிருந்ததற்குச் சான்று. கோடியக்கரைக்கு சீசனுக்கு வந்திருப்பவர்களின் பதிவும் சங்கமும் சொந்த ஊரில் இருக்கின்றன. அவர்கள் சேதத்தை இங்குள்ள மீன்வளத் துறையிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் எழுத்தில் சொல்லி, அதன் நகலைச் சொந்த ஊர் அலுவலகத்திலும் கொடுக்க வேண்டும்.

கடலுக்குப் போனவர் திரும்பாவிட்டால்

அவர் எப்போது, எந்தப் படகில், யாரோடு போனார் என்பதை உடனே கடலோரக் காவல் நிலையத்தில் புகாராகப் பதியுங்கள். கடலோரப் பாதுகாப்புக்கு 1093, கடலோரக் காவல்படையின் மீட்புக்கு 1554. ஒருவர் காணாமல் போனால் இறந்ததாகக் கொள்ளப் பொதுச் சட்டத்தில் ஏழு ஆண்டுகள் ஆகும். 2017-இல் ஒக்கி புயலில் காணாமல் போன மீனவர்களின் குடும்பங்களுக்காக அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தியது. அப்படி ஒரு சலுகை வரும்போது, புறப்பட்ட நாளைக் காட்டும் பதிவே குடும்பத்துக்குத் துணை. ஆகவே மீன்வளத் துறையின் அனுமதி டோக்கன் வாங்காமல் கடலுக்குப் போகாதீர்கள். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனமுற்றாலோ 5 லட்சம் ரூபாய் தரும் குழு விபத்துக் காப்பீட்டுக்குப் பிரீமியத்தை அரசே கட்டுகிறது. உங்கள் பெயர் அதில் இருக்கிறதா என்று மீன்வளத் துறையில் கேளுங்கள்.

பெயர் விடுபட்டால்

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்து மனு கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கொடுத்த மனுவுக்குச் சாட்சி இல்லை. அங்கே தீராவிட்டால் தாசில்தார், கோட்டாட்சியர், அதன்பின் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டம். முதல்வரின் உதவி மையம் 1100. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு பயனாளிகள் பட்டியலையும் உங்கள் மனுவின் நிலையையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒரு பாதுகாப்பும் உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987, வெள்ளம் உள்ளிட்ட பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச வழக்கறிஞர் உதவி தருகிறது. 15100 என்ற எண்ணில் அழையுங்கள், அல்லது நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவிடம் செல்லுங்கள். பொய்க் கணக்கு கொடுத்து நிவாரணம் வாங்கினால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். பொய்க் கணக்கு ஏறினால், உண்மையில் இழந்தவரின் மனுவும் சந்தேகத்தோடு பார்க்கப்படும்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070. இந்த எண்களை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். மகளிர் குழுக்களும் ஊர்ப் பஞ்சாயத்தும் ஒரு நாள் உட்கார்ந்து, தெருவில் தனியே இருக்கும் முதியோர், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், படிக்கத் தெரியாதவர்கள் யார் யார் என்று பட்டியல் போட்டு, அவர்களின் ஆவணங்களையும் சேர்த்துத் தயாராக்க வேண்டும். தனக்காக மனு எழுதத் தெரியாதவர்தான் எப்போதும் முதலில் விடுபடுகிறார். அவர் பெயரைப் பட்டியலில் ஏற்றும் வேலை, எழுதத் தெரிந்த நம் எல்லோருடையதும்.