பாலாற்றின் கதி

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களின் தோல் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஜீவனோபாயமாக இருப்பதை நாம் மறுப்பாரல்லோம். ஆயினும், அத்தொழில் பாலாற்றங்கரைக் குடியானவனின் கிணற்றையும் நிலத்தையும் விலையாகக் கேட்குமாயின், அந்த வியாபாரம் நியாயமாகுமா என்று வினவும் கடமை நமக்குண்டு.

முன்னாளில் நம்மவர் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். பின்னர் வந்த குரோமிய உப்பு முழுதும் தோலில் பற்றுவதில்லை; வழக்கமான முறையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கழிவுநீருடன் போய்விடுகிறது. இது எளிதில் கரையாத வகை. குரோமேட் என்னும் மற்றொரு வகையோ நீரில் கரைந்து பரவும்; புற்றுநோயையும் விளைவிக்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலையொன்று விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, இவ்விஷத்தையே நிலத்தடி ஜலத்தில் கலந்தது.

இதனினும் பரவலாகத் தீங்கு செய்வது சாதாரணக் கறியுப்பே. தோல் அழுகாதிருக்க இடப்படும் உப்பு, ஊறவைக்கும் நீரில் கரைந்து மண்ணைச் சேர்கிறது. உப்பிலுள்ள சோடியம், களிமண்ணிலுள்ள சுண்ணாம்புச் சத்தை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிக்கிறது. மண் இறுகுகிறது, நீரும் காற்றும் வேரை அடையா. மயிர் நீக்க இடும் சல்பைடு அமிலத்துடன் கலந்தாலோ, கழிவுத் தொட்டியில் இறங்கும் ஏழைத் தொழிலாளியின் உயிரைக் குடிக்கும் நச்சுவாயு எழுகிறது. நீர், நிலம், காற்று மூன்றும் கெடுவது இவ்வாறே.

அசுத்தம் செய்தவனே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30-இல் அதே பாலாற்றுக்காக அக்கோர்ட்டு மறுபடியும் தீர்ப்புக் கூற நேர்ந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் ஜனங்கள் நியாய ஸ்தலத்தின் வாயிலில் நிற்பதைவிட வெட்கக்கேடு வேறென்ன?

நுண்ணுயிர்களைக் கொண்டு நடைபெறும் சுத்திகரிப்பு, அழுகும் பொருள்களை அகற்றுமேயன்றிக் கரைந்த உப்பை அகற்றாது. ஆதலின், ஊறவைப்பதற்கு முன்பே தோலிலுள்ள உப்பை உதிர்த்தெடுப்பதும், குரோமியத்தை மீட்டு மறுபடி பயன்படுத்துவதும், எஞ்சிய உப்பைச் சவ்வு வடிகட்டிகளால் பிரிப்பதும் கட்டாயமாதல் வேண்டும். சிறு முதலாளிகளால் அச்செலவைத் தாங்க இயலாதெனில் சர்க்கார் கைகொடுக்கட்டும். கிணறுகளின் ஜலத்தைச் சோதித்து, முடிவைக் கிராம சபையில் பகிரங்கமாகப் படிக்கட்டும்.

தொழிலும் வாழவேண்டும், உழவும் வாழவேண்டும். ஒன்றன் லாபக் கணக்கில் மற்றொன்றன் நஷ்டத்தை மறைத்து வைப்பதை மட்டும் நாம் ஒருகாலும் சம்மதியோம்.