ஆயத்த வீடுகள்: இடரைச் சுமப்பவர் யார்?

2022 மே 26 அன்று, சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகள் திறந்து வைக்கப்பட்டன. ஒன்றிய அரசு ஆறு நகரங்களில் தொடங்கிய ‘லைட் ஹவுஸ்’ திட்டத்தின் ஒரு பகுதி அது. ‘பிரீகாஸ்ட்’ எனப்படும் முன்வார்ப்பு முறையில், கட்டடத்தின் பாகங்கள் முன்கூட்டியே வார்க்கப்பட்டு, பாரந்தூக்கியால் அடுக்கிப் பொருத்தப்பட்டன. விரைவும் சீரான தரமும் இம்முறையின் பெருமைகள். நாம் அவற்றை மறுக்கவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் வாழ்ந்தவருக்கு உறுதியான வீடு விரைவில் கிடைப்பது நல்லதே.

நம் கேள்வி வேறு. அச்சுகளில் போட்ட முதலீடு திரும்புமா, பாகங்கள் உரிய நாளில் வந்து சேருமா, அளவு பிசகினால் பொறுப்பு யாருடையது என்பனவெல்லாம் ஒப்பந்தத்தில் பங்கிடப்படுகின்றன. அதில் கையொப்பமிடாத இருவர் உண்டு: அவ்வீட்டில் வாழப்போகிறவரும், அதனால் வேலை இழக்கப்போகும் சித்தாளும். பெரும்பாக்கம், நகரின் உள்ளிருந்து அகற்றப்பட்டோர் குடியமர்த்தப்பட்ட இடம். அவர்களுள் பெரும்பகுதியினர் தலித்துகள் என்பதை இங்கே நினைவில் கொள்வோம்.

வாழ்பவருக்கு நேரும் இடரை லண்டன் ஏற்கெனவே கண்டிருக்கிறது. நகரின் கிழக்கே ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடி அரசுக் குடியிருப்பு, முன்வார்த்த சுவர்ப்பலகைகளால் எழுப்பப்பட்டது. மக்கள் குடியேறி இரண்டே மாதங்களில், 1968 மே 16 விடியற்காலையில், 18-ஆம் மாடிச் சமையலறையில் எரிவாயு வெடித்தது. அடுப்பைப் பற்றவைத்தவரே உயிர் பிழைக்கும் அளவுக்குச் சிறிய வெடிப்புதான். ஆயினும் ஒரு சுவர்ப்பலகை பெயர்ந்தது. தாங்கலிழந்த மேல்தளங்கள் விழுந்தன. அந்தப் பாரத்தால் கீழ்த்தளங்களும் சரிந்தன. நால்வர் மாண்டனர். 1986-இல் கட்டடத்தைப் பிரித்தபோது, காரை நிரம்பியிருக்க வேண்டிய மூட்டுகளில் பழைய செய்தித்தாள் அடைக்கப்பட்டிருந்தது தெரிந்தது.

இம்முறையின் உயிர் மூட்டில்தான் இருக்கிறது. அந்த மூட்டோ கண்ணுக்குத் தெரியாது. 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்ககத்தில் சுவர்ப்பூச்சு தொட்டதும் உதிர்ந்ததைக் குடியிருந்தோரே உலகுக்குக் காட்டினர். பூச்சு கைக்கு எட்டியது, காட்டினார்கள். மூட்டுக்குள் இருப்பதை எவ்வாறு காட்டுவார்கள்?

அடுத்து, சித்தாள். கட்டுமானத்தில் பெண்கள் பெரும்பாலும் சித்தாளாக நுழைந்து சித்தாளாகவே ஓய்கின்றனர். கரணை அவர்கள் கைக்கு வருவதில்லை. முன்வார்ப்பு முறை முதலில் குறைப்பது, கல்லும் கலவையும் சுமக்கும் அவர்களது வேலையைத்தான். சுமை குறைவதில் நமக்கு வருத்தமில்லை. வார்ப்புக்களத்தில் தோன்றும் புதிய வேலைகளுக்குப் பயிற்சி பெறுவோர் யார் என்பதே வினா. சட்டத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. 1996-ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் வரும் பணிகளைத் தன் வரையறைக்கு வெளியே நிறுத்தியது. வேலை, கட்டுமிடத்திலிருந்து ஆலைக்கு நகர்ந்தால் நலவாரிய அட்டை செல்லுமா என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது. தொழிற்சங்கங்கள் இதனைப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் எழுப்பியாக வேண்டும்.

மாணவர்களும் களப்பணியாளர்களும் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், மூட்டுச் சோதனை அறிக்கைகளையும், பழுதுக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலவரையறையையும் கேட்டுப் பெறலாம். சில முறைகளில் சுவரே சுமையைத் தாங்குவதால், சன்னல் பெரிதாக்க அதை உடைப்பதும் ஆபத்தாகும். எந்தச் சுவரில் கை வைக்கக் கூடாது என்று காட்டும் வரைபடம், ஒதுக்கீட்டு ஆணையுடன் தமிழில் தரப்பட்டதா என்றும் கேட்கலாம்.