சிக்கனமும் கருமித்தனமும்

சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மில் பலருக்கு முகம் சுண்டிவிடுகிறது. காப்பியில் பாலைக் குறைப்பதும், குழந்தைக்குப் பண்டிகைத் துணி இல்லை என்று சொல்வதும், வந்த விருந்தாளியை வாசலிலேயே வழியனுப்புவதுந்தான் சிக்கனம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இவை சிக்கனமல்ல, கருமித்தனம். கையிலிருப்பதைப் பிறருக்கும் தனக்கும் பயன்படாமல் பூட்டி வைப்பவன் கருமி. கையிலிருப்பதில் ஓர் அணுவும் வீணாகாமல் முழுப் பயனையும் பெறுகிறவனே சிக்கனக்காரன். முன்னவன் வீட்டில் எல்லோரும் வாடுவார்கள். பின்னவன் வீட்டில் எல்லோரும் வயிறார உண்பார்கள்.

இந்தப் பாடத்தை நம் தேசம் ஒரு காலத்தில் மிகக் கடுமையான ஆசிரியரிடம் கற்றது. 1942-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அதுவரையில் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்த பர்மா அரிசி அத்துடன் நின்றது. அடுத்த வருஷமே வங்காளத்தில் பஞ்சம் தோன்றி, இலட்சக்கணக்கான உயிர்களைப் பலி கொண்டது. அரிசியும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் பங்கீட்டுக் கடைக்குப் போயின. துணிக்கும் தட்டுப்பாடு வந்தது. 'உணவுப் பயிரை அதிகமாக்குங்கள்' என்ற பிரசாரம் நாடெங்கும் நடந்தது. புற்பத்தைகளும் பூச்செடிகளும் இருந்த இடங்களில் கத்தரியும் வெண்டையும் காய்த்தன. யுத்தம் முடிந்தது, பங்கீடும் ஒருவாறு தளர்ந்தது. ஆனால் அந்நாளில் கொல்லையையும் ஊசியையும் அடுப்பையும் நன்கு பயன்படுத்தக் கற்ற குடும்பங்கள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அந்த மூன்றையும் பற்றியே இங்கே சிறிது சொல்ல விரும்புகிறோம்.

கொல்லை

வீட்டுத் தோட்டம் என்றவுடன் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டுமென்று மலைக்க வேண்டியதில்லை. கிணற்றடியிலோ துணி துவைக்கும் கல்லின் அருகிலோ வழிந்தோடும் தண்ணீர் ஒரு வாழையை வளர்க்கப் போதும். அந்த ஒரு வாழை இலையும், பூவும், காயும், தண்டும் கொடுத்துவிட்டு, தன் பக்கத்தில் கன்றையும் விட்டுச் செல்கிறது. முருங்கைக்கு விதைகூட வேண்டாம். அடுத்த வீட்டு மரத்திலிருந்து ஒரு போத்தை வாங்கி நட்டுவிட்டால் சில மாதங்களிலேயே கீரை பறிக்கலாம். கறிவேப்பிலை ஒன்று வேலியோரத்தில் இருந்தால், கறிகாய்க் கடைக்காரரிடம் கொசுறுக்குக் கெஞ்ச வேண்டியதில்லை.

மாடிக் குடியிருப்புக்காரர்கள் தங்களுக்கு வழியில்லை என்று சொல்லக்கூடாது. ஓட்டை வாளியும் உடைந்த தொட்டியும் கீரைக்குப் போதுமானவை. அடியில் நீர் வடியத் துவாரம் இருக்கவேண்டும், அவ்வளவே. கீரை விதை மிகப் பொடியானது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும். அதனுடன் மணலைக் கலந்து தூவினால் சீராக முளைக்கும். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பறிப்புக்கு வந்துவிடும். அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் அறுத்து வந்தால் மறுபடி மறுபடி தழைக்கும். பொன்னாங்கண்ணிக்குக் கடையில் வாங்கிய கட்டிலிருந்து நான்கு தண்டுகளை ஊன்றினாலே போதும். ஆடியில் ஊன்றிய அவரை, மார்கழிப் பனியில் பூத்துப் பொங்கலுக்குக் காயாகிவிடும்.

உரத்துக்கும் பணம் வேண்டாம். காய்த் தோல், வெங்காயச் சருகு, உதிர்ந்த இலை இவற்றை ஒரு குழியிலிட்டு, மேலே மண்ணைத் தூவி மக்க விட்டால், குப்பையே செல்வமாகிவிடுகிறது. அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுவது நம் பாட்டிமார் கண்ட வழி.

அடுப்பு

மலிவான உணவு சத்தற்றது என்பது பெரும் மூடநம்பிக்கை. நமது குன்னூரிலேயே 1918-ம் வருஷத்தில் மக்காரிஸன் என்ற வைத்திய நிபுணர் 'பெரிபெரி' என்னும் நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அங்கே வளர்ந்த ஆராய்ச்சிசாலைதான் 1958-ல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டுப் பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அரிசியை மல்லிகைப் பூவாகத் தீட்டத் தீட்ட, அதிலுள்ள 'பி' ஜீவசத்து தவிட்டோடு போய்விடுகிறது என்பதும், நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள்ளே இறங்கிப் பெருமளவு தங்கிவிடுகிறது என்பதும் இன்று யாவரும் ஒப்புக்கொண்ட உண்மைகள். பலமுறை களைந்து கஞ்சியையும் வடித்துக் கொட்டுகிற வீட்டில், காசு கொடுத்து வாங்கிய சத்தில் ஒரு பகுதி சாக்கடைக்குப் போகிறது.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராம். தீட்டிய அரிசியிலோ 10 மில்லிகிராம் அளவே. வேர்க்கடலையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். முருங்கைக் கீரையில் கண்ணுக்கு வேண்டிய 'ஏ' ஜீவசத்து தரும் பொருள் நிறைய இருக்கிறது. ஆகவே, கேழ்வரகுக் கூழும் கீரைக் கூட்டும் கடலைச் சுண்டலும் ஏழையின் உணவு என்று ஒதுக்குகிறவர்கள், பணத்தையும் இழந்து உடம்பையும் இழக்கிறார்கள்.

தூக்கி எறிவதிலும் எத்தனையோ உணவு இருக்கிறது. பீர்க்கங்காயின் தோலை வதக்கித் துவையல் அரைத்தால் காயைவிடத் தோலுக்கே கிராக்கி ஏற்படும். முள்ளங்கியின் இலை பொரியலாகும். தர்ப்பூசணியின் சிவப்பைத் தின்றபின் எஞ்சும் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு உதவும். கொள்ளை வேகவைத்த நீர் ரசமாகும். வெந்த கொள்ளு சுண்டலாகும். சித்திரை வெயிலை வீணாக்காமல் வடாமும், மணத்தக்காளி வற்றலும், சுண்டைக்காய் வற்றலும் போட்டு வைத்தால், மழை மாதங்களில் காய் விலை ஏறும்போது நாம் கடைவீதியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

ஊசி

1921-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் மதுரையில் காந்தியடிகள் தமது ஆடையை அரைத்துண்டாகச் சுருக்கிக்கொண்டார். ஒவ்வொரு முழத் துணிக்குப் பின்னாலும் ஓர் ஏழையின் உழைப்பு இருக்கிறது என்பதை நாட்டுக்கு அது உணர்த்தியது. அத்தகைய துணியை, ஒரு கிழிசல் கண்டதும் எறிந்துவிடுவது நியாயமா?

படுக்கை விரிப்பு எப்போதும் நடுவில்தான் இற்றுப்போகும். ஓரங்கள் புதிதாகவே இருக்கும். அதை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைத்து, இற்ற பாகத்தை வெளிப்புறம் தள்ளிவிட்டால் இன்னும் சில காலம் உழைக்கும். சட்டையின் காலர் தேய்ந்தால் அதைப் பிரித்துத் திருப்பித் தைக்கலாம். வளரும் பெண்ணின் பாவாடையில் அடியில் இரண்டு மூன்று 'டக்கு' பிடித்துத் தைத்தால், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டு நீளமாக்கலாம். பழைய நூல் புடவையின் மெத்தென்ற துணி, பிறந்த குழந்தைக்குப் புதுத் துணியைவிட உகந்தது.

வாங்கும்போதும் விவேகம் வேண்டும். இரண்டு சலவையில் சாயம் போய் மூன்றாவதில் கிழியும் மலிவுத் துணி, உண்மையில் மிக விலையுயர்ந்த துணி. நல்ல கைத்தறி ஒன்றை வாங்கினால் அது நம் உடம்பில் உழைப்பதோடு, நெசவாளி வீட்டு அடுப்பையும் எரியவைக்கிறது. பித்தான் தைக்கவும் கிழிசலை மூட்டவும் பெண் குழந்தைகளுக்குப் போலவே ஆண் குழந்தைகளுக்கும் கற்பிக்கவேண்டும். ஊசி பிடிப்பதால் எந்த ஆண்பிள்ளையின் கையும் தேய்ந்துவிடாது.

யார் வயிற்றில் சிக்கனம்?

முக்கியமான விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறோம். பல வீடுகளில் மாதக் கடைசியில் செலவு எப்படிக் கட்டுகிறது தெரியுமா? குழந்தைகளுக்குக் குறையவில்லை, வீட்டு யஜமானருக்கும் குறையவில்லை. எல்லோரும் உண்டு எழுந்தபின், அடியில் ஒட்டியிருக்கும் சோற்றில் மோரை ஊற்றிக் குடித்துவிட்டு, "எனக்குப் பசியே இல்லை" என்று சொல்கிறாள் ஒரு தாய். வரவு செலவுக் கணக்கில் இந்தத் தொகை எங்கும் எழுதப்படுவதில்லை. ஆனால் அது வேறோரிடத்தில் பதிவாகிவிடுகிறது. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலும் நூற்றுக்கு 53 பேர். இதற்குக் காரணங்கள் பல உண்டு. எனினும் கடைசியாக உண்பவளின் தட்டும் அவற்றில் ஒன்று.

தாயின் வயிற்றில் மிச்சம் பிடித்த பணம் வைத்தியரிடம் வட்டியும் முதலுமாகப் போய்ச் சேரும். ஆகையால் வீட்டில் ஒரு விதி செய்துகொள்ளுங்கள். குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து உண்ணவேண்டும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் நன்கு சேரும். சாப்பிட்ட கையோடு காப்பியும் தேநீரும் குடித்தால் அது தடைப்படும். இதற்காகும் செலவு ஒன்றுமில்லை.

உழைப்பிலும் இதே நியாயம் வேண்டும். தோட்டம், தையல், வற்றல், வடாம் எல்லாம் ஒருத்தியின் தலையிலேயே விழுந்தால், அதுவும் அவளை இற்றுப்போகச் செய்யும் காரியமே. செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகளின் வேலையாகட்டும். குழி வெட்டுவதும் பந்தல் போடுவதும் வீட்டு ஆண்களின் பொறுப்பாகட்டும். மாதத்தின் முதல் நாளில் கணக்குப் புத்தகத்தை நடுவில் வைத்து எல்லோரும் கூடிப் பேசட்டும். எதைக் குறைப்பது என்று தீர்மானிக்கும்போது, எவர் தட்டு குறைகிறது என்பதையும் அந்தப் புத்தகத்தில் எழுதுங்கள். எவர் தட்டும் குறையாமல் மிச்சமாகும் பணமே சிக்கனத்தில் சேர்ந்த பணம்.